புளித் தொழிலுக்குத் திட்ட அறிக்கை எழுத இணையவழித் தனி வழிகாட்டி உதவுவாரா?

கேள்வி: காவேரிப்பட்டணம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தை அடுத்த கிராமம் எங்களுடையது. அப்பா பல ஆண்டுகளாகப் புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டைப் புளியாகவே மண்டிக்கு அனுப்பி வருகிறார். கொட்டையையும் நாரையும் நாங்களே எடுத்துத் தரம் பிரித்து, அரை கிலோ, ஒரு கிலோ பொட்டலங்களாகக் கிருஷ்ணகிரி, ஓசூர் மளிகைக் கடைகளுக்கு நேரடியாகக் கொடுத்தால், இப்போது இடையில் போகும் லாபத்தில் ஒரு பகுதியாவது வீட்டில் தங்கும் என்று நினைக்கிறேன். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தபோது, தொழில் தொடங்க மானியத்தோடு வங்கிக் கடன் கிடைக்கும் ஒன்றிய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் விண்ணப்பிக்கலாம், அதற்குத் திட்ட அறிக்கை வேண்டும் என்றார்கள்.

ஒரு கணினி மையத்தில் பணம் கொடுத்து அறிக்கை வாங்கினேன். அன்று மாலையே கைக்கு வந்துவிட்டது. மொத்த மதிப்பு 18 லட்சம்; அதில் இயந்திரமும் கொட்டகைச் சீரமைப்பும் 8 லட்சம், சரக்கு, கூலி போன்றவற்றுக்கான நடைமுறை மூலதனம் 10 லட்சம். ஆண்டுக்கு 60 டன் ஓட்டுப் புளியை (ஓடு நீக்காத புளியை)க் கிலோ 40 ரூபாய்க்கு வாங்குவோம், அதில் 80 சதவீதம் விற்பனைக்குரிய புளியாகும், அதைக் கிலோ 130 ரூபாய்க்கு விற்போம், ஆண்டுக்கு 300 நாள் உற்பத்தி நடக்கும் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். விற்பனைக்கு 5 சதவீத ஜிஎஸ்டியும் போட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் பக்கத்தில் "அப்பளம்" என்ற சொல் மாற்றப்படாமல் அப்படியே நிற்கிறது. வங்கியில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் எதைச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர், அங்கே தொழில் தொடங்குபவர்களுக்கு ஸ்கோர் என்ற அமைப்பின் மூலம் ஓய்வுபெற்ற நிர்வாகிகள் இலவசமாகத் தனித்தனியே வழிகாட்டுவதாகவும், அதைப்போல இந்தியாவிலிருந்தும் சேரக்கூடிய இணையதளங்கள் இருப்பதாகவும் சொன்னார். கைக்குழந்தை இருப்பதால் அடிக்கடி வெளியூர் போய்ப் பயிற்சி பெறுவது எனக்குக் கடினம்; காணொளி வழியாக ஒருவர் தொடர்ந்து பேசினால் வசதியாக இருக்கும். ஆனால் புளியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர், எங்கோ உட்கார்ந்துகொண்டு, என் திட்ட அறிக்கைக்கு எப்படி உதவ முடியும்? என் ஆங்கிலமும் சுமார்தான். இந்த வழியில் சென்றவர்கள் யாராவது இருந்தால் அருள்கூர்ந்து எழுதுங்கள்.

பதில்: ஓசூர், சிறுதானிய மாவு தயாரிப்பாளர்

சகோதரி, நான் கேழ்வரகு, சாமை மாவு வகைகளைத் தயாரித்து விற்கிறேன். மைக்ரோமென்டர் என்ற தளத்தில் பதிவு செய்து, உணவுத் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் வழிகாட்டுதல் பெற்றேன். அவர் இயந்திர உதிரிப்பாகங்களை ஏற்றுமதி செய்து ஓய்வு பெற்றவர். கேழ்வரகை அவர் களியாகக்கூடக் கண்டதில்லை. இருந்தும் என் அறிக்கை உருப்பட்டது அவரால்தான் என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

முதல் சந்திப்பிலேயே என் அறிக்கையைத் திரையில் வைத்து, முதல் ஆண்டு விற்பனை என்று நான் எழுதியிருந்த தொகையைச் சுட்டிக்காட்டி, "இதை வாங்கப்போகிறவர்கள் யார், கடை கடையாகச் சொல்லுங்கள்" என்றார். என்னிடம் பதில் இல்லை. "ஓசூரில் மக்கள்தொகை பெருகி வருகிறது, ஆரோக்கிய உணவுக்கு வரவேற்பு இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த சந்திப்புக்கு முன் பாகலூர் சாலையிலும் ராயக்கோட்டை சாலையிலும் உள்ள கடைகளை ஏறி இறங்கி, ஒவ்வொரு கடைக்காரரும் வாரத்துக்கு எத்தனை பொட்டலம் எடுப்பார், எத்தனை நாள் கடன் கேட்பார், விற்காத சரக்கைத் திருப்பித் தருவாரா என்று நோட்டில் எழுதிவரச் சொன்னார். நான் எழுதிக்கொண்டு போன கணக்கு அறிக்கையில் இருந்ததில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆனால் அந்தப் பாதிக்கு என்னிடம் கடைப்பெயர் இருந்தது. கடைக்காரர்கள் அனைவரும் கடன் கேட்டார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதற்கேற்ப நடைமுறை மூலதனத்தை உயர்த்தி எழுதினேன்.

மொழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சந்திப்புக்கு முந்தைய நாளே என் கேள்விகளையும் எண்களையும் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பிவிடுவேன். எண்கள் முன்னால் இருந்தால் உடைந்த ஆங்கிலமே போதுமானது. தமிழில்தான் பேச வேண்டும் என்றால், பதிவு செய்யும்போதே மொழியைக் குறிப்பிட்டுத் தமிழ்நாட்டைச் சேர்ந்த வழிகாட்டியைத் தேடலாம். மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் மென்டார் டிஎன் தளத்தையும், இளம் தொழில்முனைவோருக்கு வழிகாட்டிகளை இணைக்கும் பணியை 1992 முதல் செய்துவரும் பாரதிய யுவ சக்தி அறக்கட்டளையையும் பாருங்கள். ஒன்றிய அரசின் மார்க் தளமும் இருக்கிறது. ஆனால் அது ஸ்டார்ட்அப் நிறுவனங்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது, உங்களைப் போன்ற குடும்பத் தொழிலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் கருத்து.

பதில்: பாப்பிரெட்டிப்பட்டி வியாபாரி

மன்னிக்கவும், இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புளி வியாபாரம் கண்ணும் கையும் சேர்ந்த வேலை. சரக்கைப் பிய்த்துப் பார்த்து ஈரம் எவ்வளவு, நிறம் எத்தனை மாதம் நிற்கும், மழையில் நனைந்த காயைக் கலந்திருக்கிறார்களா என்று சொல்லத் தெரியாதவர் காணொளியில் என்ன வழி காட்டுவார்? ஒரு வருடம் மரம் கொட்டும், அடுத்த வருடம் பூவோடு நின்றுவிடும். விலை அதற்கேற்ப ஏறி இறங்கும். இதையெல்லாம் அட்டவணையில் அடைக்க முடியாது.

அந்த அறிக்கையில் உள்ள 80 சதவீதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஓடு நீக்கிய கொட்டைப் புளி 100 கிலோவில், கொட்டையும் நாரும் போக 60 கிலோ நின்றாலே நல்ல சரக்கு என்போம். ஓட்டோடு வாங்கினால் இன்னும் குறையும். சகோதரியின் தந்தையிடம் கேட்டிருந்தாலே இது தெரிந்திருக்கும். வீட்டிலேயே ஆசான் இருக்கும்போது வெளியே எதற்குத் தேடுவது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பதில்: தருமபுரி, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

மேலே வியாபாரி ஐயா சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இவருடைய தந்தைக்கு 60 கிலோ என்பது தெரியும். வங்கிக்குப் போகவிருக்கும் தாளில் 80 என்று இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் சந்திக்கவே இல்லை. வழிகாட்டியின் வேலை இந்தச் சந்திப்பை நடத்திவைப்பதுதான். அவர் புளி அறிந்தவராக இருக்க வேண்டியதில்லை; "80 என்று எழுதியிருக்கிறீர்களே, இதை யார் சொன்னார்கள்?" என்று கேட்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். சிறுதொழில் கடன் மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எதிரில் இருப்பவர் அறிக்கையைத் தாமே எழுதினாரா, காசு கொடுத்து வாங்கினாரா என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அம்மா, உங்கள் அறிக்கையில் உள்ள எண்களையே எடுத்துக்கொள்கிறேன். புளியம்பழத்தில் சதை ஏறத்தாழ 55 சதவீதம், கொட்டை 34 சதவீதம், ஓடும் நாரும் 11 சதவீதம் என்பது நூல்களில் பரவலாகக் காணப்படும் கணக்கு. ஓட்டை நீக்கிவிட்டுப் பார்த்தால் வியாபாரி ஐயா சொன்ன 60 கிலோவுடன் இது ஒத்துப்போகிறது. எனவே 60 டன் ஓட்டுப் புளியில் உங்களுக்குக் கிடைப்பது 33 டன். அறிக்கை சொல்வது 48 டன். இல்லாத 15 டன்னைக் கிலோ 130 ரூபாய்க்கு விற்றதாகக் காட்டியிருக்கிறார்கள். 19.5 லட்சம் ரூபாய் விற்பனை காற்றில் நிற்கிறது. உங்கள் முதலீட்டையே மிஞ்சும் தொகை இது. மறுபுறம், ஏறத்தாழ 20 டன் கொட்டை கிடைக்குமே, மாவு ஆலைகளுக்குப் போகும் அந்தக் கொட்டையின் வருமானத்தை அறிக்கையில் காணவே காணோம். அப்பளத்துக்குக் கொட்டை இல்லை அல்லவா!

அடுத்தது 300 நாள் உற்பத்தி. புளி வரத்து பெரும்பாலும் பிப்ரவரியில் சூடுபிடித்து ஏப்ரலோடு ஓய்கிறது. வாங்குவது மூன்று மாதத்தில். விற்பதோ பன்னிரண்டு மாதங்களிலும். நல்ல வழிகாட்டி உங்களிடம் முதலில் கேட்க வேண்டியது மாதவாரி பணப்போக்கு அட்டவணைதான். ஒரு பெரிய தாளில் ஜனவரி முதல் டிசம்பர் வரை கட்டம் போட்டு, ஒவ்வொரு மாதமும் உள்ளே வரும் பணம், வெளியே போகும் பணம், மாதக் கடைசியில் கையில் நிற்பது ஆகிய மூன்றையும் பென்சிலால் எழுதிப் பாருங்கள். கொள்முதலுக்கு மட்டும் 24 லட்சம். அதோடு ஓடு நீக்கும் கூலி, கொட்டை எடுக்கும் கூலி, நிறம் கறுக்காமல் இருக்கக் குளிர்பதனக் கிடங்கு வாடகை. ஏப்ரல் கட்டத்தில் கையிருப்பு பாதாளத்துக்குப் போயிருக்கும். அறிக்கையில் இருக்கும் 10 லட்சம் நடைமுறை மூலதனம் கொள்முதலில் பாதிக்குக்கூடப் போதாது.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் பரிந்துரைப்படி, சிறு தொழில்களுக்கு ஆண்டு விற்பனையில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாகக் கணக்கிடுவது வங்கிகளின் வழக்கம். மாதந்தோறும் வாங்கி மாதந்தோறும் விற்கும் தொழிலுக்கு அது சரியாக இருக்கும். உங்கள் விற்பனை கொட்டையையும் சேர்த்து 45 லட்சம் என்று வைத்தால், வாய்ப்பாட்டின்படி கிடைப்பது 9 லட்சம். பருவத்தில் ஒரேயடியாகச் சரக்கு எடுக்கும் தொழிலுக்கு இந்த வாய்ப்பாடு பொருந்தாது என்பதை மேலாளருக்கு உணர்த்த உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த மாதவாரி அட்டவணைதான். அதைக் காட்டியும் வரம்பை உயர்த்த அவர் முன்வராவிட்டால், முதல் ஆண்டில் 20 டன் மட்டும் சொந்தமாக வாங்கி, மீதி நாட்களில் பிறருடைய சரக்கைக் கூலிக்குக் கொட்டையெடுத்துக் கொடுப்பதாகத் திட்டத்தைச் சுருக்கி எழுதலாம். கிடங்கு ரசீதின் மேல் அடகுக் கடன் கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

தவணை தொடங்கும் மாதத்தையும் கவனியுங்கள். கடன் அக்டோபரில் வழங்கப்பட்டு, ஆறு மாதம் தவணை விடுப்பு என்றால், முதல் தவணை சரியாக ஏப்ரலில் வந்து நிற்கும். உங்கள் பணம் முழுவதும் புளியாக மாறிக் கிடங்கில் கிடக்கும் மாதம் அது. ஜனவரியில் கடன் பெற்றால் ஜூலையில்தான் தவணை தொடங்கும். அதற்குள் கடைகளிலிருந்து பணம் திரும்பத் தொடங்கியிருக்கும். வட்டி வீதத்துக்காகப் பேரம் பேசுபவர்கள் பலர். இந்த மாதக் கணக்கைக் கேட்பவர்கள் அரிதிலும் அரிது.

ஜிஎஸ்டி பற்றி: உலர்ந்த புளிக்கு 2019 அக்டோபர் முதல் வரி விலக்கு இருக்கிறது. 5 சதவீதம் என்பதை நீக்கிவிடுங்கள். ஆனால் வரி இல்லாத பொருளை விற்பவர், இயந்திரம் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெற இயலாது. அந்தத் தொகையை இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே எழுத வேண்டும். பின்னாளில் புளிக் கரைசல், விழுது என்று போனால் வரிக் கணக்கு வேறு. அதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

மானியம் பற்றி ஒரு வார்த்தை. பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் ஊரகப் பகுதியில் பெண்களுக்கு 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம். சொந்தப் பங்கு 5 சதவீதம். தொழிற்கூடம் ஊராட்சி எல்லைக்குள் வருகிறதா, பேரூராட்சிக்குள் வருகிறதா என்பதைச் சான்றோடு உறுதிசெய்துகொள்ளுங்கள். 18 லட்சத்தில் இந்த ஒரு வேறுபாடே 1.8 லட்சம் ரூபாய். மானியம் உங்கள் கைக்கு வரும் பணமன்று. அது வங்கியில் மூன்று ஆண்டுகள் உங்கள் பெயரில் வைப்பாகப் பூட்டப்பட்டு, அதன்பிறகே கடனில் சரிக்கட்டப்படும். முதல் மாதத்திலேயே அதை வரவில் எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றையெல்லாம் நானே சொல்லிவிட்டதால் வழிகாட்டி வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். நான் எழுதியது ஒரு தடவைப் பார்வை. உங்களுக்கு வேண்டியது, நீங்கள் திருத்திக்கொண்டு வரும் ஒவ்வொரு வடிவத்தையும் மறுபடி மறுபடி குடைந்து கேட்கும் ஒருவர். வங்கி அல்லது கணக்குப் பின்னணி உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். சரக்கின் தரத்துக்கு உங்கள் தந்தை இருக்கிறார், சோதனைகளுக்குத் தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டம் இருக்கிறது, பாப்பாரப்பட்டி போன்ற இடங்களில் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. "அறிக்கையை நானே எழுதித் தருகிறேன்" என்று முன்வரும் வழிகாட்டியை மட்டும், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

பதில்: பாப்பிரெட்டிப்பட்டி வியாபாரி

அலுவலர் ஐயாவின் கணக்கில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கிடங்கிலிருந்து வெளியே எடுத்த சரக்கு ஈரம் காய்ந்து எடை குறையும். பொட்டலம் போடும் நாளில் நிறுப்பதையே விற்பனை எடையாக எழுத வேண்டுமே தவிர, உள்ளே வைத்த நாளின் எடையை எழுதக்கூடாது. கேள்வி கேட்க மட்டும் ஒருவர் வேண்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை. விலையை மட்டும் அவரிடம் கேட்காமல் மண்டியில் கேளுங்கள்.

காவேரிப்பட்டணம் வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு அப்பாவோடு உட்கார்ந்து மாதவாரிக் கட்டத்தைப் போட ஆரம்பித்தோம். ஓட்டுப் புளியாக வாங்குவதா, கொட்டைப் புளியாக வாங்குவதா என்ற முதல் கட்டத்திலேயே எங்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. உரிகம் பக்கத்து நீளக் காயில் சதை கூடுதலாக நிற்கும், அதைத் தனியே எழுது என்கிறார்.

இன்னொரு ஐயம். கட்டணம் வாங்கும் வழிகாட்டி ஒருவர் தொடர்பில் வந்திருக்கிறார். கடனும் மானியமும் கிடைக்கும்வரை உடனிருப்பதாகவும், மானியத்தில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கொடுத்தால் போதும் என்றும் சொல்கிறார். இப்போதே ஆதார் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஓசூர், சிறுதானிய மாவு தயாரிப்பாளர்

கொடுக்காதீர்கள் சகோதரி. கட்டணம் வாங்குவது தவறன்று. மணிக் கணக்கில் கட்டணம் சொல்லி, பேசிய நேரத்துக்கு ரசீது கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மானியத்தில் பங்கு கேட்பவருக்கு உங்கள் தொழில் ஓடுவதைவிடக் கடன் தொகை பெரிதாவதில்தான் அக்கறை இருக்கும். 18 லட்சத்தை 25 லட்சமாக்கச் சொல்லி அவரே நெருக்குவார். தவணை கட்டப்போவது நீங்கள். வழிகாட்டிக்குத் தேவைப்படுபவை விலை, எடை, கூலி, மாதம் ஆகிய விவரங்கள்தான். அடையாள ஆவணமோ, கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணோ எந்தக் கட்டத்திலும் தேவையில்லை.

பதில்: தருமபுரி, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

வழிமொழிகிறேன். பி.எம்.இ.ஜி.பி. திட்டத்துக்கு இடைத்தரகர் யாரையும் நியமிக்கவில்லை என்று கதர் கிராமத் தொழில்கள் ஆணையமே எச்சரித்திருக்கிறது. விண்ணப்பத்தை உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்து நீங்களே இணையத்தில் பதிவு செய்யலாம். ஐயம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் உதவுவார்கள்.

உங்கள் தந்தை சொன்ன உரிகம் காயைத் தனி வரியாகவே எழுதுங்கள். ஓட்டுப் புளி, கொட்டைப் புளி என்ற வாக்குவாதத்துக்கு எளிய தீர்வு உண்டு. இரண்டிலும் ஒவ்வொரு மூட்டை எடுத்து, வீட்டிலேயே ஓடும் கொட்டையும் நாரும் நீக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்து, ஆள்கூலி எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கிலோ ஒன்றுக்குச் சதை என்ன விலையில் அடங்குகிறது என்று இரண்டு வழியிலும் கணக்கிட்டு, அந்தத் தாளையே வழிகாட்டியுடனான முதல் சந்திப்புக்கு அனுப்புங்கள். வங்கிக்குப் போகும்போதும் அதை அறிக்கையின் பின்னிணைப்பாக வையுங்கள். எடை எழுதிய உங்கள் கையெழுத்துத் தாளைத் தட்டச்சு செய்ய வேண்டாம், அப்படியே நகலெடுத்து வைத்தால் போதும்.